மேல் டிவிசன் காமாட்சிக்கு முழங்கால் வலி இல்லை

தம்பி,

வேலை கிடைத்துவிட்டது என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னபோது எனக்குச் சந்தோசம்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்து முடித்ததும், அம்மாவுக்கு எதிலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும் என்று அக்காவிடம் போய்ப் புலம்புவாய். கொழும்பில் கம்பனி, குளிரூட்டிய அறை, தமிழில் எழுதினால் சம்பளம். கன்டென்ட் ரைட்டர் என்று நீ சொன்ன உத்தியோகத்தின் பெயரை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டுமே. பிறகு நீ சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். ஏதோ சத்துமாவாம், அதைச் சாப்பிட்டுச் சுகமானவர்கள் பேசுவதுபோல எழுத வேண்டுமாம், பேரும் ஊரும் நம் இஷ்டமாம். "நம்ம மாத்தளையில ஒரு ஆள போடட்டுமாம்மா?" என்று கேட்டாய். சோறு பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் உலையே வைக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் போனில் சொல்லக்கூடியதாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ இன்று செய்யப்போகும் வேலையை உன் அம்மா உனக்கு முன்னாலேயே செய்தவள். நீ பிறப்பதற்கு முன்பு, சண்டைக் காலம். ஏஎல் பரீட்சை பாஸ் பண்ணியும் கெம்பஸில் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். கோயில் திருவிழாவுக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். அதைத் தேத்தண்ணிக் கடைச் சுவரில் படித்துவிட்டு, யார் எழுதியது என்று விசாரித்துக்கொண்டு ஹாஜியார் வந்தார். தம்புள்ளை வீதியில் அவருக்கு ஒரு வாசனைத் தோட்டம் இருந்தது. மிளகு, கறுவா, ஏலம் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்குக் காட்டி, கடைசியில் எண்ணெய்ப் போத்தல் விற்கிற தோட்டம். சண்டையால் வெள்ளைக்காரர்கள் வருவது நின்றுபோயிற்று. வழிகாட்டிப் பையன்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அதே எண்ணெய்களை நம் சனங்களுக்கே விற்றுப்பார்க்கலாம் என்று மனிதர் முடிவு செய்திருந்தார். போத்தலைச் சுற்றி வைக்கிற துண்டுத்தாளில் எழுத அவருக்கு ஓர் ஆள் வேண்டும். என் எழுத்துக்கு முதன்முதலாகக் கூலி கொடுத்த மனிதர் அவர்தான், நல்ல மனிதர். பின்னால் நடந்ததை வைத்து அவரைத் தவறாக நினைக்காதே.

என் முதல் துண்டுத்தாளைப் படித்தால் நீ வயிறு வலிக்கச் சிரிப்பாய். மூலிகைகளின் பெயரெல்லாம் அடுக்கி, நடுவில் இரண்டு எதுகையும் வைத்திருந்தேன். ஹாஜியார் பொறுமையாகப் படித்து முடித்தார். "எண்ணெயப் பத்தி எழுதாதீங்க மக, ஆளப் பத்தி எழுதுங்க," என்றார். அப்படியானால் சுகமான ஆட்களைக் காட்டுங்கள், பேசி எழுதுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். சுகமானவன் எதற்குத் திரும்பி வருவான், சுகமாகாதவன்தான் வருவான், அதுவும் போத்தலைத் தூக்கிக்கொண்டு வருவான் என்றார். ஆகவே ஆளை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று. அது பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சமையலில் உப்புப் போடுவது எவ்வளவு பெரிய விசயமோ அவ்வளவுதான் இதுவும் என்று நினைத்தேன்.

ஊர்தான் யோசனையாக இருந்தது. தெரிந்த ஊரைப் போட்டால் அந்த ஊர்க்காரர் யாராவது அப்படி ஓர் ஆளே இல்லையே என்பார். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் எனக்கு ஞாபகம் வந்தது. உன் அம்மாயி, என்னைப் பெற்றவள், பிறந்த இடம். பாதிச் சனம் இந்தியாவுக்குப் போய்விட்டது. மிச்சப்பேரைக் கலவரத்தில், இருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, எரித்துத் துரத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு தேயிலையெல்லாம் மரமாகி, அங்கே ஒரு குஞ்சு குருமான் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆள் இல்லாத இடத்தில் ஓர் ஆளைக் குடிவைத்தால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? இதுதான் என் கெட்டித்தனம், தம்பி. நீயும் நாளைக்கு இதே கெட்டித்தனத்தைத்தான் செய்வாய், அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

காமாட்சி என்று பேர் வைத்தேன். கடைசி லயம், கடைசிக் காம்பரா, அந்த ஒற்றை அறைக்கு நீலக் கதவு. நீலம் எதற்கு என்று கேட்காதே, எனக்கு அந்தக் கலர் பிடிக்கும், அவ்வளவுதான். கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து முழங்கால் மடக்க முடியாமல் போனவள். இந்த எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்ததும் எழுந்து நடந்தாள். இதோடு விட்டிருந்தால் அது எல்லா விளம்பரத்தையும் போல ஒரு விளம்பரம். ஆனால் எனக்கு எழுத்து கொஞ்சம் வரும் என்ற திமிர் இருந்ததே. நடந்து எங்கே போகிறாள் என்றும் எழுதினேன். ஊருக்குப் போன மகன் வருவான் என்று தினமும் பொழுது சாய மலையிறங்கி பஸ் நிற்கிற ஹோல்ட்டுக்கு வருகிறாள், இப்போது காமாட்சிக்கு முழங்கால் வலி இல்லை என்று முடித்தேன். ஹாஜியார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எண்ணெய் நன்றாக விற்றது.

முதலில் வந்தவர் வஹகோட்டைக்காரர் ஒருவர், வயதானவர், கழுத்தில் சிலுவை. இன்னும் இரண்டு போத்தல் வாங்க வந்தார். வாங்கிக்கொண்டே, காமாட்சி அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார், சாதாரணமாக. ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போனாராம், வரும் வழியில் பஸ் ஹோல்ட்டில் ஒரு பொம்பளை தனியாக நின்றாளாம். "நீங்கதானா காமாட்சி அம்மான்னு கேட்டேன். ஆமான்னாங்க," என்றார். காலைக் காட்டினாளாம், நன்றாக நடக்கிறாளாம். நான் சிரித்துக்கொண்டே சில்லறை கொடுத்தேன். கிழவர் என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் சீண்டுகிறவர் மாதிரி இல்லை.

பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். வாரியபொலைத் தோட்டத்தில் இருந்து வந்த பெண், டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் உம்மா, வில்கமுவவில் வயல் செய்கிற ஒரு சிங்கள மனிதர். காமாட்சிக்குச் சீனியும் வெற்றிலையும் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். மேலே அவளுடைய காம்பரா வரைக்கும் போய்வந்தவர்களும் இருந்தார்கள். எண்ணெய் எப்படித் தேய்ப்பது என்று கேட்டால் சொல்லிக்கொடுக்கிறாளாம். கடைசியில் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கிறாளாம், பஸ்ஸில் என் மகனைப் பார்த்தீர்களா என்று. அந்த மகனும் நான் எழுதியவன்தான். உன் அம்மாயியிடம் விசாரித்தேன், மேல் டிவிசனில் நீலக் கதவு வைத்த வீடு இருந்ததா என்று. அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "அங்க ஏதுடி கதவு, அதான் எல்லாத்தையும் எரிச்சிட்டாங்களே," என்றாள். அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள். ஹாஜியாரிடம் சொன்னேன். பாழடைந்த இடங்களில் ஜின் குடியிருக்கும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும் என்று அவர் பாதி விளையாட்டாகச் சொன்னார். மீதிப் பாதி விளையாட்டில்லை. அன்று முதல் அவர் அந்தத் துண்டுத்தாளைக் கையால் தொடுவதில்லை.

இப்படி வெளியாட்கள் அந்தப் பாதையில் ஏறி இறங்குவது யாருடைய கண்ணிலும் படாமல் இருக்குமா? ரத்தோட்டைப் பக்கம் காவல் போட்டிருந்தவர்கள் விசாரித்திருக்கிறார்கள். சனங்கள் துண்டுத்தாளைக் காட்டியிருக்கிறார்கள். யாரும் இல்லாத லயத்தில் பதிவில்லாத ஒரு தமிழ்ப் பொம்பளை, ஊருக்குப் போன மகன். எந்த ஊருக்குப் போனான்? அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், இயக்கத்துக்குப் போய்விட்டானா என்று. ஒரு நாள் காலையில் பொலிஸ் ஜீப் ஹாஜியாரின் தோட்டத்துக்குள் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் என்னிடம் தாளை நீட்டி இவள் யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் இவளை உண்டாக்கினேன், இப்படி யாரும் கிடையாது என்றேன். அவர் கோபப்படவில்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்களே என்றார். எங்களை ஜீப்பில் ஏறச் சொன்னார், ஹாஜியாரையும் என்னையும். அவள் இல்லாவிட்டால் நான் எதையோ மறைக்கிறேன் என்று ஆகும். இருந்தால் அவளைப் பிடித்துப் போவார்கள், அந்த வழியைக் காட்டியது என் எழுத்து. போகிற வழியெல்லாம் அவள் ஜின்னாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மேலே போய்ச் சேரும்போது நல்ல பகல். ஆனால் மூடுபனி இறங்கி முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. கூரை இல்லாத லயங்களுக்குள் கொய்யா முளைத்துக் காய்த்துக் கிடந்தது. கடைசி லயத்துக் கடைசிக் காம்பராவில் மட்டும் தகரம் போட்டிருந்தது. வாசல் பெருக்கி இருந்தது. கதவு நீலம். எந்த வீட்டில் இருந்து கழற்றி வந்ததோ, ஒரு பக்கம் கருகிய கதவு, அந்தக் கருகலுக்குள்ளும் நீலம் தெரிந்தது. ஹாஜியார் வாய்க்குள் ஓதிக்கொண்டே நின்றார். கதவைத் திறந்துகொண்டு ஒரு பொம்பளை வெளியே வந்தாள், அறுபது வயது இருக்கும், சேலையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள், கையில் விறகு. வாங்க என்று கும்பிட்டாள். இன்ஸ்பெக்டர் பேர் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். "காமாட்சி," என்றாள்.

மகன் எங்கே என்று கேட்டார். "லயம் எரிஞ்ச அன்னைக்கு ஓடுடான்னேன், ஓடுனான். வந்துருவான்," என்றாள். நான் வேறெங்கு இருந்தாலும் அவனுக்கு வழி தெரியாது, அதனால் திரும்பி இங்கேயே வந்து இருக்கிறேன் என்றாள். நான் அதைச் சிங்களத்தில் சொன்னபோது இன்ஸ்பெக்டர் கருகிய சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடையாள அட்டை கேட்டார். எரிந்துபோயிற்று. அப்படியானால் பேருக்கு என்ன ஆதாரம் என்று கேட்டுவிட்டு, கையில் இருந்த துண்டுத்தாளைத் திரும்பவும் பார்த்தார். அதில் உள்ள பேரும் இவள் சொல்வதும் ஒன்றாக இருந்தால் கிராமசேவகரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டு இவளை இங்கேயே விட்டுவிடலாம், வேறு பேர் இருந்தால் கீழே கொண்டுபோய்த்தான் விசாரிக்க வேண்டும் என்றார். நன்றாகக் கேட்டுச் சொல் என்று என்னிடம் சொன்னார். நான் அவள் பக்கத்தில் போய், மெதுவாக, "அம்மா, ஒங்க நெசப் பேரு என்னா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "அந்தப் பேரச் சொல்லி இத்தன வருசமா ஒருத்தரும் வரலையே புள்ள. காமாட்சின்னு கூப்புட்டுத்தான் ஆளுங்க வந்தாங்க," என்றாள்.

நான் திரும்பி இன்ஸ்பெக்டரிடம், காமாட்சிதான் என்றேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஜீப்பில் வரும்போது எனக்குப் பெருமைகூட இருந்தது. ஹாஜியார் கிராமசேவகரைப் பிடித்துக் கடிதம் எடுத்துக் கொடுத்தார். அப்படியே அரசாங்கத்துத் தாளிலும் அவள் காமாட்சி ஆனாள். அந்தப் பொல்லாத காலத்தில் ஒரு பேர் இருந்தால் போதும், உயிர் பிழைக்கலாம். இன்றைக்கும் அந்த நிமிசம் திரும்பி வந்தால் நான் அதையேதான் சொல்வேன். அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது மேலே போய், அரிசி, சீனி, தேயிலை கொடுத்துவிட்டு வருவேன். உங்கள் அப்பாவைக் கட்டிய புதிதில் அவரையும் ஒரு தரம் கூட்டிப்போனேன். அவர் வெளியிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. போகப் போக நான் எழுதியது எது, அவள் வாழ்ந்தது எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. அவளைக் காமாட்சி அம்மா என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே நினைத்தேன். உன் வேலையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான், தம்பி. எழுதியவனே நம்ப ஆரம்பிக்கிற இடம். படிக்கிறவன் ஏமாறுவதைப் பற்றி எல்லோரும் புத்தி சொல்வார்கள், எழுதுகிறவன் ஏமாறுவதைப் பற்றி உனக்கு உன் கம்பனியில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஓர் ஆள் வந்தான். முப்பத்தைந்து வயது சொல்லலாம், வெயிலில் கறுத்த முகம், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கலவரத்தில் ஓடி, ஆட்களோடு ஆட்களாக வடக்கே வவுனியாப் பக்கம் போய், அங்கேயே காடு வெட்டிப் பிழைத்தானாம். வவுனியா முகவரி போட்ட அடையாள அட்டையைப் பார்த்ததும் ரத்தோட்டைச் சந்தியில் காவலில் நின்றவர்கள் மேலே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மேல் டிவிசன் ஆட்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் எண்ணெய்த் தோட்டத்துப் பிள்ளையைக் கேள் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டிருக்கிறார்கள். "எங்கம்மா பேரு செல்லாயி. கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டான்.

நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. "செல்லாயின்னு யாரும் இல்லங்க. அங்க இப்ப ஒரே ஒரு அம்மாதான் இருக்காங்க, அவங்க பேரு காமாட்சி," என்றேன். உண்மையைச் சொல்கிறேன் என்ற நினைப்பில்தான் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். தங்கள் லயத்தில் காமாட்சி என்று யாரும் இருந்ததில்லை, யாரோ வெளியாள் வந்து குந்தியிருக்க வேண்டும் என்றான். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தான். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசலில் வந்த தம்புள்ளை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். பேர் சொல்லவில்லை, முகவரி சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். நான் உள்ளே வந்து, போத்தலுக்குத் தாள் சுற்ற உட்கார்ந்தேன். இரண்டாவது போத்தலைச் சுற்றும்போதுதான் காமாட்சி என்ற எழுத்து கண்ணில் பட்டது. அது நான் வைத்த பேர், அவளுடைய நிசப் பேர் எனக்குத் தெரியவே தெரியாது. செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினேன், ஒரு லொறியை நிறுத்தி நாவுல வரைக்கும் போனேன். அந்த பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. அன்றோடு நான் துண்டுத்தாள் எழுதுவதை விட்டேன். ஏன் விட்டேன் என்று ஹாஜியார் கேட்கவில்லை.

அவன் அவளுடைய மகன்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த டிவிசனில் ஓடிப்போன மகன்கள் எத்தனையோ பேர். வவுனியாவுக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், பேர் தெரியாத ஆளை யார் கண்டுபிடிப்பார்கள்? நீ உன் இஷ்டத்துக்குப் பேரும் ஊரும் போடு, வேலை என்றால் செய்துதான் ஆக வேண்டும், விட்டுவிட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்தளையில் ஓர் ஆளைப் போடட்டுமா என்று என்னிடம் கேட்டாயே, வேண்டாம், தம்பி. எந்த ஊரையும் ஆளில்லாத ஊர் என்று நினைக்காதே. நீ கூப்பிட்டால் யாராவது ஒருவர் வருவார்கள், அவர்கள் வரும்போது எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று உனக்குத் தெரியாது.

அடுத்த நாளே நான் மேலே போனேன். சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவள் வாசலில் உட்கார்ந்து கொய்யாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று ஓர் ஆள் வந்தார், வவுனியாவில் இருந்து, செல்லாயி என்று ஓர் அம்மாவைத் தேடி வந்தார் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் அசையவில்லை. கத்தி மட்டும் நின்றது.

"யாரு புள்ள அது, செல்லாயி?"

அவள் பழத்தை அரிந்து முடித்து, ஒரு துண்டை என் கையில் வைத்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பஸ் வருகிற நேரம். சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள், அந்த முழங்காலில் ஒரு வலியும் இல்லை.

"இத்தன வருசம் கழிச்சும் மகன் தேடி வந்திருக்கான் பாரு. குடுத்து வச்சவ," என்று சொல்லிவிட்டு மலையிறங்கிப் போனாள்.

அம்மா